செல்வநாயகம் என்னும் நியாயவாதி

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



வழக்கு மன்றிலிருந்து அரசியல் மன்றுக்குச் சென்ற ஒருவரைப் பற்றிப் பேசுக என்று சங்கத்தார் எம்மைக் கேட்டுக்கொண்டனர். இலங்கைத் தமிழரிடையே இத்தகைய ஒருவரைத் தேடுவது கடினமன்று. ஒருவரைத் தெரிவதுதான் கடினம். சேர் முத்துக்குமாரசுவாமி, சேர் பொன்னம்பலம் இராமநாதன், ஜீ. ஜீ. பொன்னம்பலம் என்று கறுப்பு அங்கியோடு அரசியல் வாயிலைக் கடந்தோர் வரிசை நீண்டது. குழந்தை சற்றே வாய்காட்டிப் பேசத் தொடங்கினால், "இவன் அப்புக்காத்தாய்த்தான் வருவான்" என்று பாட்டிமார் சொல்லும் நாடு எம்முடையது. அந்த வாழ்த்துப் பலித்துப் பலித்தே எமது அரசியல் முழுவதும் அப்புக்காத்துமார் கையிற் போயிற்று என்று நகைப்போரும் உண்டு.

இவ்வரிசையில் நாம் இன்று எடுத்துக்கொள்வது அதிகம் வாய்காட்டிப் பேசாத ஒருவரை. அவர் சா. ஜே. வே. செல்வநாயகம்.

இந்து வாலிபர் கூடிய மண்டபத்திற் கிறித்தவர் ஒருவரைப் பற்றிப் பேசலாமோ என்று அன்பர் ஒருவர் வாயிலில் எம்மை மெல்லக் கேட்டார். மாவிட்டபுரமும் கீரிமலையும் உள்ள காங்கேசன்துறைத் தொகுதி மக்கள் அவரை ஏழு முறை தெரிந்து அனுப்பினார்கள். 1947, 1956, 1960இல் இருமுறை, 1965, 1970, 1975. அந்த வாக்காளரிற் பெரும்பாலோர் திருநீறு பூசியவர்கள். அவர்களுக்கு இல்லாத தயக்கம் எமக்கு எதற்கு?

இன்னோர் இளைஞர் கேட்ட கேள்வி இதனினும் கூரியது. "ஐயா, இருமுறை ஒப்பந்தம் எழுதி இருமுறையும் ஏமாந்தவர் தாமே அவர்? அப்படிப்பட்டவர் நல்ல நியாயவாதியாய் இருந்திருக்க முடியுமோ?" என்றார். இக்கேள்வியை நாம் தட்டிக் கழிக்கப் போவதில்லை. இன்றைய பேச்சு முழுவதும் அதற்குரியதே.

செல்வநாயகம் 1898ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆந் தேதி மலாயாவில் ஈப்போ நகரிற் பிறந்தார். தந்தையார் வேலுப்பிள்ளை பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர். பிள்ளைகளின் கல்வியை எண்ணித் தாயார் அவர்களை அழைத்துக்கொண்டு தெல்லிப்பழைக்கு வந்தபோது செல்வநாயகத்துக்கு வயது நான்கு. தந்தையார் மலாயாவிலேயே தங்கினார். அக்காலத்து யாழ்ப்பாணத்திற் பல வீடுகளின் கதை இது. தகப்பன் காசுக் கட்டளையிலே மட்டும் வீட்டுக்கு வருவார். பிறந்த மண் ஒன்று, வளர்ந்த மண் ஒன்று என்பதை அவர் வாழ்நாளில் மறந்தவரல்லர் என்பதற்குப் பின்னர் ஒரு சான்று காண்போம்.

தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரி, கொழும்புப் பரி. தோமையர் கல்லூரி என மூன்றிடத்துப் படித்தார். பரி. தோமையர் கல்லூரியில் அவரோடு ஒரே காலத்திற் பயின்றவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. 1918இல் இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டம் பெற்று ஆசிரியரானார். நோயுற்றிருந்த தம்பியைப் பார்ப்பதற்கு விடுமுறை மறுக்கப்பட்டபோது அவர் அந்த வேலையையே துறந்தார் என்று, அவர் வாழ்க்கையை நூலாக எழுதிய மருமகன் பேராசிரியர் ஏ. ஜெயரத்தினம் வில்சன் குறிப்பிடுகிறார். மென்மையான மனிதர்தாம், ஆயினும் வளையாத எலும்பு ஒன்று உள்ளே இருந்தது. மீண்டும் வேறிடத்தில் ஆசிரியராக இருந்துகொண்டே சட்டம் பயின்று 1923இல் நியாயவாதியானார்.

அவர் எத்தகைய நியாயவாதி என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஏனெனில் அவருடைய அரசியலின் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது.

நியாயவாதிகளில் இரு வகையினர் உண்டு. கொலை, கொள்ளை வழக்குகளிற் சாட்சியைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணையால் நடுங்க வைப்போர் ஒருவகை. யூரிமார் வாய் பிளந்திருக்க, கேட்க வந்த சனம் வாயில்வரை நிறைந்திருக்கும். ஜீ. ஜீ. பொன்னம்பலம் இந்த வகையின் மணிமுடி. மற்றவகையினர் குடியியல் வழக்காளர். காணிப் பங்கீடு, வழிப்பாதை, முதுசொம், சீதனம், தோம்பு, நொத்தாரிசு முடித்த உறுதி என்று தூசி படிந்த கடுதாசிகளுக்கிடையே அவர்கள் நாள் கழியும். தேசவழமை எங்கே முடிகிறது, உரோம ஒல்லாந்தச் சட்டம் எங்கே தொடங்குகிறது என்று நீதியரசருக்குத் தாழ்ந்த குரலில் எடுத்துக்காட்டுவார்கள். கேட்க வந்தவன் பாதியில் எழுந்து போய்விடுவான். செல்வநாயகம் இந்த வகையைச் சேர்ந்தவர். மேன்முறையீட்டு மன்றிலே குடியியல் வழக்குகளில் அவர் பெயர் முன்வரிசையில் இருந்தது. 1947இல் 'கே. சி.' என்னும் அரச நியாயவாதிப் பட்டம் பெற்றார்.

குடியியல் வழக்காளனுக்கு ஒரு நம்பிக்கை இரத்தத்தில் ஊறியிருக்கும். இரு பகுதியார் எவ்வளவு பகைத்தாலும், ஓரிடத்தில் இருந்து, இன்னது உனக்கு, இன்னது எனக்கு என்று எழுதிக் கையொப்பமிட்டால் அந்தப் பகை தீரும் என்பதே அது. அதனாலன்றோ காணிப் பத்திரத்துக்கு யாழ்ப்பாணத்தார் 'உறுதி' என்று பெயரிட்டனர். ஒருவன் வாயாற் சொன்னது வாக்கு. அவன் எழுதி ஒப்பமிட்டது உறுதி. இந்த நம்பிக்கையோடுதான் செல்வநாயகம் நாற்பத்தொன்பதாம் வயதில் அரசியலுக்குள் வந்தார்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் சார்பிற் காங்கேசன்துறையிலிருந்து பாராளுமன்றஞ் சென்றார். தலைவர் பொன்னம்பலம்; இவர் அவருக்கு அடுத்தபடி. அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரிற் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவராக்கியது. அதனைத் தமிழ்க் காங்கிரசு எதிர்த்தது. ஆனால் அதே ஆண்டிற் பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையிற் சேர்ந்தார். தொடர்ந்து இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பற்றிய மசோதா வந்தபோது தலைவர் ஒருபுறமும் செல்வநாயகம் மறுபுறமுமாக நின்றனர்.

தோட்டத் தொழிலாளரில் ஒருவர்கூடக் காங்கேசன்துறையில் அவருக்கு வாக்களிக்க வேண்டியவரல்லர். யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர் பலர் அவர்களைத் தம்மவரென்று எண்ணியதுமில்லை. இதைச் சொல்ல எமக்கு நாணமாயிருக்கிறது, ஆயினும் உண்மை. கட்சிக்காரன் பணங்கட்டாத வழக்கொன்றை எடுத்து, அதற்காகத் தம் தலைவரையும் அமைச்சுப் பதவிக்கான வாய்ப்பையும் இழந்தார். பிழைப்புக்காகக் கடல் கடந்த ஒருவரின் பிள்ளைக்கு, பிழைப்புக்காகக் கடல் கடந்த வேறு சிலரின் வழக்கு விளங்கியிருக்கும் என்று நாம் எண்ணுகிறோம்.

1949ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் தேதி கு. வன்னியசிங்கம், டாக்டர் இ. எம். வி. நாகநாதன் முதலியோருடன் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினார். வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்களின் தன்னாட்சிப் பகுதியாக, ஒன்றிணைந்த இலங்கைக்குள் சமஷ்டி அமைப்பு வேண்டும் என்பதே கோரிக்கை. மக்கள் உடனே ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. 1952இற் சொந்தத் தொகுதியிலேயே சு. நடேசனிடம் தோற்றார். நடேசன், சேர் பொன். இராமநாதனின் மருமகன், ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளர். அந்தத் தோல்வியின் பின் கொழும்பில் வழக்குகளோடு இருந்துவிட்டிருந்தால் பெருஞ் செல்வராய் முடிந்திருப்பார். 1956இல் 'சிங்களம் மட்டும்' என்ற முழக்கம் எழுந்தபோது அதே தொகுதி அவரைத் திரும்ப அழைத்தது.

அந்த ஆண்டு யூன் 5ஆந் தேதி காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்தோர் தாக்கப்பட்டதும், 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் நிறைவேறியதும் நீங்கள் பலமுறை கேட்டவை. ஒகஸ்டிலே திருமலை மாநாடு கூடி அரசாங்கத்துக்கு ஓராண்டு தவணை கொடுத்தது. தவணை தீர்ந்தால் 1957 ஒகஸ்ட் 20ஆந் தேதி சத்தியாக்கிரகம். தவணை கொடுப்பதுகூட நியாயவாதியின் வழக்கந்தான்.

தவணை முடியுமுன் பிரதமர் பண்டாரநாயக்கா பேச்சுக்கு அழைத்தார். பள்ளித் தோழர் இருவரும் எதிரெதிரே அமர்ந்தனர். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இலங்கைக்குச் சமஷ்டி முறை பொருத்தமானது என்று 1926ஆம் ஆண்டிலேயே பத்திரிகையில் எழுதியும் யாழ்ப்பாணத்துக்கு வந்து பேசியும் சென்றவர் பண்டாரநாயக்காதான். ஆகவே கேட்பவர் கேட்பது என்னவென்று கொடுப்பவருக்கு நன்கு தெரியும்.

1957 யூலை 26ஆந் தேதி ஒப்பந்தம் ஆயிற்று. அதனைச் சட்டக் கண்ணோடு வாசியுங்கள். வட மாகாணம் ஒரு பிரதேச சபைப் பகுதி. கீழ் மாகாணம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பகுதிகள். சபைகள் மாகாண எல்லை கடந்தும் ஒன்றுசேரலாம். மக்கள் நேரே தெரிந்த அங்கத்தவர். விவசாயம், கூட்டுறவு, காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், கைத்தொழில், மீன்பிடி, வீடமைப்பு, மின்சாரம், நீர், வீதி ஆகியவை சபைகளின் கையில். குடியேற்றத் திட்டங்களிற் காணி பெறுவோரைத் தெரிவதும் சபைகளே. வரி விதிக்கவும் கடன் பெறவும் உரிமை. அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பங்கமின்றி வடக்குக் கிழக்கில் நிருவாகம் தமிழில். தமிழ், ஒரு தேசிய சிறுபான்மையினரின் மொழியாக ஏற்கப்படும். சமஷ்டி என்ற சொல் எங்கும் இல்லை. செல்வநாயகம் கேட்டதிற் பாதியை விட்டு, பாதியைப் பெற்றார். கோவிலுக்குக் கொண்டுபோன முழுத் தேங்காயையும் உடைத்து ஒரு மூடியோடு திரும்புவது போல. அவருடைய பகுதியிலே அதனைக் குறை சொன்னாரும் இருந்தனர்.

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம்.

ஒரு காணி வாங்குபவர் செல்வநாயகத்திடம் ஆலோசனைக்குப் போனால் அவர் என்ன சொல்லியிருப்பார்? "உறுதி முடியுமுன் காசை எண்ணிக் கொடுக்காதே. விற்பவனுக்கு விற்க உரிமை உண்டா பார். தவணை எழுது." இவை மூன்றும் பள்ளிக்கூடப் பாடம். இனி 1957ஐப் பாருங்கள். தமிழரசுக் கட்சி தன் பங்காகக் கொடுக்கவேண்டியது சத்தியாக்கிரகத்தைக் கைவிடுவது. அதை அன்றே கொடுத்துவிட்டது. பெறவேண்டியவையோ எல்லாம் பின்னர் பாராளுமன்றத்திற் சட்டமாக வரவேண்டியவை. அவற்றுக்குத் தவணை எதுவும் எழுதப்படவில்லை. விற்பவரோ தனி மனிதர். அவருக்குப் பின்னே கட்சி, அதற்குப் பின்னே பிக்குமார், எதிரே எதிர்க்கட்சி. தம் கட்சிக்காரன் எவனுக்கும் செய்யவிடாத காரியத்தைச் செல்வநாயகம் தம் இனத்துக்காகச் செய்தார்.

அவ்வாண்டு ஒக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்த்தனா ஒப்பந்தத்துக்கு எதிராகக் கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டார்; இம்புல்கொடையில் அது தடுத்து நிறுத்தப்பட்டது. 1958இன் தொடக்கத்தில் மோட்டார் வண்டி இலக்கத் தகடுகளிற் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. வடக்குக் கிழக்கில் அதன்மேற் கீல் பூசினர். தெற்கிலே தமிழ் எழுத்துகளின்மேல் கீல் ஏறியது. அந்தக் கீல் பூச்சு ஒப்பந்தத்தின் எதிரிகளுக்கு உதவியது என்று அன்றும் சொன்னவர் உண்டு, இன்றும் சொல்வோர் உண்டு. நாம் அதனை முற்றாக மறுக்கமாட்டோம். ஒப்பந்தம் செய்தவர் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டுமா என்பதற்கும் எம்மிடம் எளிய விடையில்லை. ஏப்பிரில் 9ஆந் தேதி கொழும்பு றொஸ்மீட் பிளேசில் பிரதமரின் வீட்டு முன்றிலிற் பிக்குமார் வந்து அமர்ந்தனர். அன்றே ஒப்பந்தம் இரத்தானது. அதையும் எழுத்திலே தரும்படி கேட்டுப் பெற்றுக்கொண்டே பிக்குமார் எழுந்தனர். ஒப்பந்தத்தை எழுத்திற் பெற்றவர் ஏமாந்தார். அதன் இரத்தை எழுத்திற் பெற்றவர்கள் ஏமாறவில்லை. அடுத்த மாதம் நாட்டிற் கலவரம் மூண்டது. உயிர்கள் போயின, அகதிகள் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தனர். செல்வநாயகமும் ஏனைய தலைவர்களும் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர்.

1960இல் நடந்ததைச் சுருக்கமாய்ச் சொல்லிக் கடக்கலாம். அவ்வாண்டு மார்ச்சில் அமைந்த அரசாங்கம் வீழ்ந்த வேளையிற் சிறீலங்கா சுதந்திரக் கட்சியோடு பேச்சளவில் ஓர் இணக்கம் இருந்தது என்பது தமிழரசுக் கட்சியார் பின்னர் பன்முறை கூறியது. யூலையில் அக்கட்சி ஆட்சிக்கு வந்தது; பேச்சு பேச்சாகவே நின்றது. 1961இல் நீதிமன்றங்களின் மொழி பற்றிய 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பருத்தித்துறையிலும் மட்டக்களப்பிலும் தமிழன் தமிழன்மேல் வைத்த வழக்கும் சிங்களத்தில் நடக்கக்கூடிய நிலை. அது நியாயவாதிகளின் வாசலுக்கே வந்த சட்டம். பெப்ருவரி 20ஆந் தேதி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிற் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏப்பிரில் 14ஆந் தேதி தமிழரசுத் தபாற் சேவை என்று முத்திரை விற்றனர். சட்டம் படித்தவர் சட்டத்தை அறிந்தே மீறினார். மீறியதற்குரிய தண்டனையை ஏற்கவும் அணியமாயிருந்தார். 17ஆந் தேதி அவசரகால நிலை, இராணுவம், பனாகொடை முகாமில் ஏறக்குறைய ஆறு மாதம் காவல். அவர் உடலில் நடுக்குவாத நோய் குடிகொண்டிருந்த காலம் அது.

இப்படியெல்லாம் நடந்தபின், 1965 மார்ச்சில் மீண்டும் கையொப்பமிட்டார். எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடையாத தேர்தல். தமிழரசுக் கட்சியிடம் பதினான்கு ஆசனம். மார்ச் 24ஆந் தேதி டட்லி சேனநாயக்காவோடு உடன்பாடு. தமிழ் மொழி விசேட ஏற்பாட்டுச் சட்டத்தின்கீழ் ஒழுங்குவிதிகள், வடக்குக் கிழக்கில் நீதிமன்றங்களிலே தமிழ், மாவட்ட சபைகள், குடியேற்றக் காணிகளில் முதலிடம் அம்மாவட்டத்துக் காணியற்றோர்க்கு, அடுத்தது வடக்குக் கிழக்கில் வாழும் தமிழ் பேசுவோர்க்கு, அதன்பின் மற்றையோர்க்கு. 1957இற் பெற்றதிலும் குறைவு. மீண்டும் அதே முறை: ஆதரவு அன்றைக்கே கொடுக்கப்பட்டது, சட்டங்கள் பின்னர்.

இம்முறை இன்னொரு பிழையும் சேர்ந்தது. உடன்பாட்டை அப்போது வெளியிடவில்லை. சிங்கள மக்களுக்குத் தெரிந்தால் 1957 மீண்டும் வரும் என்ற அச்சம் விளங்கத்தக்கதே. ஆனாற் கட்சிக்காரருக்கு வாசித்துக் காட்டாத உறுதி எத்தகைய உறுதி? உள்ளதை மறைத்தபோது இல்லாதவையெல்லாம் அதில் உண்டென்று தெற்கிற் கதை பரவியது; தமிழருக்குத் தாம் எதைப் பெறப்போகிறோம் என்பதே தெரியவில்லை. 1966 சனவரியில் மொழி ஒழுங்குவிதிகள் கொண்டுவரப்பட்டபோது கொழும்பில் எதிர்ப்பு ஊர்வலம். துப்பாக்கிச் சூட்டிற் பிக்கு ஒருவர் இறந்தார். 1968இல் மாவட்ட சபைத் திட்டம் வெள்ளை அறிக்கையாக வந்து, அப்படியே கைவிடப்பட்டது. தம் கட்சியினரிடையே எழுந்த எதிர்ப்பின் முன் டட்லியால் நிற்க முடியவில்லை. கட்சியின் சார்பில் உள்ளூராட்சி மந்திரியாயிருந்த மு. திருச்செல்வம் பதவி துறந்தார். செல்வநாயகம் தமக்கென்று எந்த மந்திரிப் பதவியும் ஏற்றவரல்லர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

அந்த ஆண்டிலேதான் அவர் தொகுதிக்குள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலில் இன்னொரு சத்தியாக்கிரகம் நடந்தது. தாழ்த்தப்பட்டோராக்கப்பட்ட எம் சகோதரர்கள் உள்ளே சென்று வழிபடும் உரிமை கேட்டு நின்றனர், சி. சுந்தரலிங்கம் போன்றோர் தடுத்து நின்றனர். தமிழருக்குச் சமவுரிமை கேட்ட கட்சி அவ்வேளையில் உரத்துப் பேசவில்லை என்று குறைகூறுவோர் உளர். அக்குறை நியாயமற்றதன்று. ஆனால் கிறித்தவர் ஒருவர் கோவிற் கதவைத் திறக்கச் சொல்லவேண்டும் என்று காத்திருந்த இந்துக்களாகிய நாம் அந்தக் குறையிற் பெரும்பங்கை எமது கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நீதிமன்றம் என்ன செய்தது என்று கேட்கலாம். ஒப்பந்தம் இல்லாவிட்டால் வழக்கு உண்டல்லவா? செ. கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர் சிங்களப் பரீட்சைக்குத் தோன்றாததாற் சம்பள உயர்ச்சி மறுக்கப்பட்டு வழக்கு வைத்தார். 1964இற் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது; சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு மொழிச் சட்டம் முரண் என்றது. உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்கிட முடியாது என்று அதனைத் தள்ளியது. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம், வழக்கிட முடியும் என்று கூறி, அரசியலமைப்புக் கேள்வியை மீண்டும் விசாரிக்கத் திருப்பியனுப்பியது. அந்த விசாரணை நடைபெறவில்லை. 1971இற் கோமறைக் கழகத்துக்குச் செல்லும் வழி அடைக்கப்பட்டது. 1972 மே 22ஆந் தேதி வந்த புதிய அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே இல்லை. வழக்குக் கேட்கும் மன்றும் போயிற்று, வழக்குக்கு ஆதாரமான பிரிவும் போயிற்று.

அப்போது செல்வநாயகம் செய்தது என்ன? 1972 ஒக்டோபரில் தம் ஆசனத்தைத் துறந்தார். இந்த அரசியலமைப்பைத் தமிழர் ஏற்றார்களா என்பதைக் காங்கேசன்துறையிலே கேட்டுப் பார்ப்போம், போட்டியிடுங்கள் என்றார். கையொப்பம் வாங்கும் முறை தவறியபின் மக்களையே சாட்சிக் கூண்டுக்கு அழைத்தார். இடைத்தேர்தலை வைப்பதற்கு அரசாங்கம் இரண்டாண்டுக்கு மேல் எடுத்தது. 1975 பெப்ருவரி 6ஆந் தேதி அது நடந்தது.

நாம் அப்போது பள்ளி மாணவர். தெல்லிப்பழையில் ஒரு மாலைக் கூட்டத்துக்கு மாமனாரின் சைக்கிளிற் பின்னே இருந்து சென்றோம். மற்றவர்கள் இடி முழங்கப் பேசினார்கள். கடைசியில் அவரை இருவர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஒலிவாங்கிமுன் நிறுத்தினர். கை நடுங்கியது. என்ன சொன்னார் என்பது எமக்குக் கேட்கவில்லை. எமக்கு முன்னே நின்றவர்களுக்கும் கேட்கவில்லை என்று நினைக்கிறோம். ஆயினும் அந்தத் திடலிற் கடலை விற்றவன்கூடக் கூவுவதை நிறுத்திவிட்டிருந்தான். திரும்பி வரும்போது, "மாமா, பெரியவர் என்ன சொன்னவர்?" என்று கேட்டோம். மாமனார் சிறிது தூரம் மிதித்தபின், "அவர் சொல்லித்தான் தெரியவேணுமோ?" என்றார்.

அத்தேர்தலில் அவருக்கு 25,927 வாக்கு. அரசாங்கத்தின் சார்பில் நின்ற கம்யூனிஸ்டுக் கட்சியின் வீ. பொன்னம்பலத்துக்கு 9,457.

ஏமாந்தாரா என்று கேட்ட இளைஞருக்கு எமது கருத்தைச் சொல்கிறோம். ஆம், ஏமாந்தார், அதிலும் ஒரே விதமாக இருமுறை. முதல்முறை பொறுக்கத்தக்கது. இரண்டாம் முறை, அதுவும் மறைவில் எழுதியது, அவருடைய பெரும் பிழை. ஆனால் நாம் ஒன்றை எண்ணிப் பார்க்கிறோம். காணி உறுதியை ஒருவன் மீறினால் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது, பிசுக்கால் இருக்கிறான், கட்டளை நிறைவேறும். ஓர் இனம் இன்னோர் இனத்துக்கு எழுதிக் கொடுத்ததை மீறினால் எந்த மன்றுக்குப் போவது? அந்த மன்று இல்லை என்பது செல்வநாயகத்துக்குத் தெரியாததன்று. இல்லாத மன்றின் இடத்தில் மற்றவனின் சொல்லை வைத்தார். அதனை வைக்காவிட்டால் ஒரே நாட்டில் வாழ்வதென்ற பேச்சுக்கே அடிப்படையில்லை என்று கண்டார் போலும். அவருடைய பகுதி சொல்லை அவர் ஒருமுறையும் மீறவில்லை. 1980இல் மாவட்ட அபிவிருத்தி சபைகள், 1987இல் மாகாண சபைகளும் தமிழுக்கு அரசகரும மொழி நிலையும் என்று பின்னர் சட்டமாக வந்தவற்றை 1957ஆம் ஆண்டுக் கடுதாசியோடு ஒப்புநோக்குங்கள். அவரிடம் பறித்தவற்றிற் பலவற்றை முப்பது ஆண்டு கழித்து வேறு கைகளால் எழுதவேண்டியிருந்தது. அதற்கிடையில் எத்தனை வீடுகள் எரிந்தன என்று இம்மண்டபத்தில் இருப்போருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

1976 மே 14ஆந் தேதி வட்டுக்கோட்டை மாநாட்டிலே தனியரசுத் தீர்மானம் அவர் தலைமையில் நிறைவேறியது. ஒன்றாக வாழ்வதற்கான உறுதியை இருபது ஆண்டு எழுதிப் பார்த்தவர், பிரிவினை உறுதிக்கு ஒப்பமிட்டார். அது சரியா தவறா என்று நீங்களே விவாதியுங்கள். சங்கத்து விவாத அரங்குக்கு அது நல்ல பொருள். அந்த ஒப்பத்தை இடும்போது அவருக்கு மகிழ்ச்சி இருந்திருக்காது என்பது எமது துணிபு.

கடைசியாக ஒன்று. அம்மாதமே குடியரசு தினத்தையொட்டித் துண்டுப்பிரசுரம் வழங்கியதற்காக அ. அமிர்தலிங்கம் முதலிய தலைவர்கள் கைதானார்கள். யூரிமார் இன்றி, 'ட்ரயல் அட் பார்' என்னும் முறையில் மூன்று நீதியரசர் முன் கொழும்பிலே வழக்கு. எதிரிகளுக்காகத் தமிழ் நியாயவாதிகள் அறுபது எழுபது பேர் அணிவகுத்தனர். அவர்களின் முன்வரிசையில் ஜீ. ஜீ. பொன்னம்பலம் எழுந்து வாதாடினார். அதே வரிசையிற் செல்வநாயகம் இருந்தார். 1948இற் பிரிந்த இருவர், இருபத்தெட்டு ஆண்டு கழித்து, ஒரே கட்சிக்காரருக்காக, ஒரே மேசையில். ஒருவருக்குக் குரல் அப்போதும் இருந்தது. மற்றவருக்குக் காது மந்தம், கை நடுக்கம். ஆனாலும் கறுப்பு அங்கி அணிந்தே வந்திருந்தார்.

அடுத்த ஆண்டு பெப்ருவரி 9ஆந் தேதி பொன்னம்பலம் காலமானார். ஏப்பிரில் 26ஆந் தேதி செல்வநாயகம் காலமானார். வடமராட்சியிற் பிறந்தவர் மலேசியாவிலே கண் மூடினார். மலாயாவிற் பிறந்தவர் யாழ்ப்பாணத்திலே கண் மூடினார். முற்றவெளியில் நிற்கும் நினைவுத் தூணைக் கடந்து நீங்கள் நாள்தோறும் நூலகத்துக்குப் போகிறீர்கள்.